புறவாசல் சுவரின் உயரம்

வெயிலுக்கு வெட்கம் கிடையாது, தண்ணிக்கு… தண்ணிக்கு என்னமோ கிடையாது என்று ஆவுடையப்பன் பெரியப்பா சொன்னார். தாமிரபரணிப் படித்துறையில், இடுப்பில் ஈரத்துண்டோடு நின்றுகொண்டு, சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்த பையனைப் பார்த்துச் சொன்னது. தண்ணிக்குக் கண் கிடையாது என்றாரா, நாக்குக் கிடையாது என்றாரா, ஞாபகம் கிடையாது என்றாரா. முதல் பாதி இத்தனை வருஷம் கழித்தும் அவர் குரலோடே வருகிறது, வெற்றிலை மணம்கூட வருகிறது. மறுபாதிதான் வர மாட்டேன் என்கிறது. கோமதிநாயகம் புறவாசலில் புது ஷவருக்கு அடியில், குழாய்த் திருகின் மேல் கையை வைத்தபடி, அந்த மறுபாதிக்காகக் காத்திருப்பவன்போல நின்றான். அது வந்துவிட்டால் திறந்துவிடலாம் என்பதுபோல. சாக்குத்தான், அவனுக்கே தெரியும். ஷவருக்கு அடியில் மணிக்கட்டு வரைக்கும் பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டையோடு ஒருத்தன் நின்றால் அவன் குளிக்க வந்தவனா, பஸ்ஸுக்கு நிற்கிறவனா. மரியசூசைக் கொத்தனார் சாப்பிடப் போயிருக்கிறார். போகும்போது கரண்டியைக் கழுவிச் சுவர் மேல் சாய்த்து வைத்துவிட்டு, “திரும்பி வாறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லிருங்க அண்ணாச்சி. செவரை ஒசத்தணும்னா கலவை போடணும், வேண்டாம்னா நான் கையைக் கழுவணும். இப்பிடியே தொறந்து கெடந்தா பக்கத்து மாடிக்காரனுக்கு டிக்கெட் இல்லாத சினிமா, பாத்துக்கிடுங்க” என்று சிரித்துக்கொண்டே போனார். நெஞ்சு உயரத்துக்கு நிற்கிறது சுவர். உட்கார்ந்தால் மறைக்கும், நின்றால் மறைக்காது. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் உட்கார்ந்தாலும் மறைக்காது. உயர்த்தினால் எல்லாம் மறையும். மாடி மறையும், முருங்கைமரத்தின் பாதி மறையும், வானம் ஒரு பெட்டி மூடி அளவுக்குச் சுருங்கும். அப்புறம் இதற்கும் உள்ளே இருக்கிற குளியலறைக்கும் என்ன வித்தியாசம், அங்கே மின்விசிறியாவது இருக்கிறது.

இந்த இடம் இந்த இடமாக ஆனதை அவனால் இன்னும் நம்ப முடியவில்லை. அம்பாசமுத்திரத்தில் இந்தத் தெருவில் யாருடைய புறவாசலுக்கும் ஒரு மரியாதை கிடையாது, உடைந்தது ஒடிந்தது எல்லாம் போய்ச் சேருகிற இடம் அது. இங்கேயும் அப்படித்தான் கிடந்தது. விரிசல் விட்ட துவைகல், கால் போன கட்டில், யார் எதற்கு வைத்தார்கள் என்று தெரியாத ஒரு சைக்கிள் சட்டம், பாசி, பாசி மேல் பாசி. ஒரு மாட்டுவண்டி திரும்ப முடியாத இடம். அதை அவன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தான், காலையில் பார்த்தான், சாயங்காலம் பார்த்தான், வெயில் எங்கே விழுகிறது, காற்று எந்தச் சந்துவழியாக வருகிறது என்று பார்த்தான். ஜெர்மனியில் இருபது வருஷத்துக்கு மேல் லிஃப்ட்டுகளுக்கு வரைபடம் போட்டவனுக்குச் சின்ன இடத்தில் மனுஷன் எப்படி மூச்சுவிடுவான் என்பது மட்டும் தெரியும். இப்போது தரையெல்லாம் கடப்பாக்கல், வெறுங்காலுக்குக் குளிர்ச்சி. சுவரோரமாக ஒரு நீளமான மரப்பலகை, அதில் படுக்கலாம், காப்பி குடிக்கலாம். இந்த ஓரத்தில் கல்வாழை, அந்த ஓரத்தில் நந்தியாவட்டை. மூங்கில் தட்டி ஒன்று பலகைக்கு மேலே நிழலுக்கு. ஷவருக்கு அடியில் மட்டும் கல் பதிக்காமல் கூழாங்கல் பரப்பியிருக்கிறது, விழுகிற தண்ணீர் அப்படியே ஓடி வாழைக்குப் போகும். சுவரில் ஏறி வளைந்து நிற்கிறது செம்புக்குழாய், அதன் முனையில் சோற்றுத்தட்டு அகலத்துக்குப் பித்தளைப் பூவாளி, மத்தியான வெளிச்சத்தில் கோயில் சாமான் மாதிரி மின்னுகிறது. செண்பகவல்லி காலையில் அதைப் பார்த்துவிட்டு, “கும்பாபிஷேகத்துக்கு நாள் பாத்தாச்சா, இல்ல பந்தல்காரனுக்குச் சொல்லணுமா” என்றாள். அவன் மனைவிக்கு எதையும் நேராகச் சொல்லத் தெரியாது, அவனுக்கு அது பிடிக்கும். உள்ளேயிருந்து அவள் அப்பளம் பொரிக்கிற வாசனை வருகிறது. குளித்துவிட்டு வந்தால் சாப்பாடு. குளித்துவிட்டு. திருகைத் திருப்பினால் போதும். அதற்கு முன்னால் பொத்தான்.

பொத்தானுக்கு அடியில் இருப்பது ஒன்றும் ரகசியமில்லை, ரகசியம்போல வைத்திருந்த ஒன்று, அவ்வளவுதான். பன்னிரண்டு வயசில் முழங்கைக்கு மேலே ஒரு வெள்ளைப் பொட்டு. சுண்ணாம்பு பட்டிருக்கும் என்று அம்மா முந்தானையால் துடைத்தாள், போகவில்லை. அப்புறம் தோள், முதுகு, நெஞ்சு, முழங்காலுக்குப் பின்னால். முகத்துக்கு வரவில்லை, விரலுக்கு வரவில்லை. மணிக்கட்டு வரைக்கும் வந்து, அங்கே ஒரு எல்லைக்கல் நட்டதுபோல நின்றுகொண்டது. தொற்று கிடையாது, வலி கிடையாது, நோய் என்று சொல்லக்கூட ஒன்றும் கிடையாது, நிறம் போயிற்று என்பதைத் தவிர. டாக்டர் அதைத்தான் சொன்னார், வெயிலில் மட்டும் அதிகம் நிற்காதே என்றார். ஊர் வேறு பெயர் சொன்னது. அந்தப் பெயரில் குஷ்டம் என்கிற சொல் இருந்தது. சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, கோயிலில் திருநீறு கொடுத்தால் கையைக் கீழே தாழ்த்தச் சொல்லி மேலிருந்து போட்டார்கள், அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் பம்பரம் விளையாடப் போய்த் தண்ணீர் கேட்டான் ஒரு நாள். அந்த வீட்டம்மா முகம் கோணாமல்தான் கொடுத்தாள், குடித்து முடித்ததும் டம்ளரை வாங்கிப் படிக்கட்டுக்கு வெளியே கவிழ்த்து வைத்தாள். மறுநாள் போனபோதும் அது அங்கேயே கவிழ்ந்து கிடந்தது, அதற்கு மறுநாளும். அவனுக்கென்று ஒரு டம்ளர் ஆகிவிட்டது என்று முதலில் சந்தோஷமாகக்கூட இருந்தது. சந்தோஷமாக இருந்ததுதான் இப்போதும் உள்ளே குத்துகிற இடம். குத்துகிற இடத்தை மனசு விடுவதாக இல்லை, பல் விழுந்த பள்ளத்தை நாக்கு தேடிப் போகிற மாதிரி.

அந்த மாதிரிச் சந்தோஷம் இன்னொன்றும் உண்டு. தெய்வானை அக்காளைப் பெண் பார்க்க வந்த சமயம். பெரியப்பா, அதே படித்துறைப் பெரியப்பா, “பயல சங்கரன்கோயில்ல நம்ம சிநேகிதர் வீட்டுல விட்டுட்டு வாறேன், ஊரு பாத்த மாதிரி இருக்கும்” என்று கூட்டிப் போனார். பரோட்டா வாங்கித் தந்தார், சினிமாவுக்குக் கூட்டிப் போனார், கோயில் யானைக்கு வாழைப்பழம் கொடுக்கச் சொன்னார். திரும்பி வந்தபோது வீட்டில் ஜாங்கிரி ஒன்று அவனுக்காக எடுத்து வைத்திருந்தார்கள், இலையில் சுற்றி. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எதற்காகத் தன்னை ஊர் பார்க்க அனுப்பினார்கள் என்பது அவனுக்குத் தெரியவர அப்புறம் வெகுகாலம் ஆயிற்று. தெரிந்ததும் கோபம் வரவில்லை, பரோட்டாதான் ஞாபகம் வந்தது, அதன் மேல் ஊற்றிய சால்னா. வெயிலுக்கு வெட்கம் கிடையாது என்று சொன்ன வாய்தானே அது. ஆற்றில் ஒன்று, நடுவீட்டில் ஒன்று. அவரைக் குறை சொல்ல முடியாது, தம்பி மகள் என்றால் யாரும் இரண்டு வாயோடுதான் பேசுவார்கள். அதே அக்காள்தான் இன்றைக்குக் காலையில் தென்காசியிலிருந்து போனில் பேசினாள். “புறவாசல்லயாடா குளிக்கப் போற” என்று மெதுவாக ஆரம்பித்தாள். அவள் மெதுவாக ஆரம்பித்தாலே விஷயம் உண்டு. “உமையாளுக்கு எடம் பேசிட்டிருக்கோம்ல. அவுக ஆளுங்க உங்க தெருவுல இருக்காங்களாம், விசாரிப்பாங்க. தாய்மாமன் எப்பிடின்னு கேக்காம இருப்பாங்களா. நீ செவரைக் கொஞ்சம் ஒசத்திக் கட்டிரு நாயகம். கல்யாணம் முடியட்டும், அப்புறம் நீ நடுத்தெருவுல கூடக் குளி.” அவன் சரியென்றும் சொல்லவில்லை, சரியில்லையென்றும் சொல்லவில்லை, கொத்தனாரைக் கேட்கிறேன் என்றான். கொத்தனாரையாம். கொத்தனாருக்கு இதில் என்ன இருக்கிறது, கலவை போடுவதா கையைக் கழுவுவதா என்பதைத் தவிர.

ஒரு சுவர்தானே. கொஞ்சம் செங்கல். அக்காள் கேட்டு அவன் இல்லையென்று சொன்னதில்லை, அவளும் அதிகம் கேட்டதில்லை. பரம்பரையில் வருமா என்பார்கள், பிள்ளைக்கு வந்துவிடுமா என்பார்கள், நல்ல இடம் நழுவிப்போகும், உமையாள் வாழ்க்கையில் இவன் ஒரு ஷவர் வைத்துக் குழி தோண்டினான் என்று ஆகும். அது எப்படி ஆகும், உமையாளுக்கு இவனைத் தெரியும். குழந்தையாக இருந்தபோது அவன் சட்டைக் கைக்குள் எட்டிப் பார்த்து, “மாமா, பால் கொட்டிருச்சா” என்று கேட்டுவிட்டுத் தன் கவுனால் துடைத்தவள் அவள். போன மாசம் வந்து, பாதி பதித்த கல்லில் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டே, “ஊருக்கு வந்தாச்சு, இன்னும் எதுக்கு மாமா இந்தக் குளிர்நாட்டுச் சட்டை” என்றாள். அவன் சிரித்து மழுப்பினான். குளிர்நாட்டுச் சட்டை. சரியாகச் சொன்னாள். அவன் ஹாம்பர்க்குக்குப் போனதே அதற்குத்தானோ என்று அன்றைக்கு ராத்திரி யோசித்தான். வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஊரே கழுத்து வரைக்கும் மூடிக்கொண்டு நடக்கிற இடம், அங்கே முழுக்கையை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கூட வேலை பார்த்தவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆவிக்குளியலுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே எல்லாரும் பிறந்தமேனிக்கு உட்கார்ந்திருப்பார்களாம், யாரும் யாரையும் பார்க்க மாட்டார்களாம். எனக்கு மூச்சு முட்டும் என்று சொல்லிவிட்டான். பார்க்கவே மாட்டேன் என்கிற ஊரில் காட்டி என்ன ஆகப்போகிறது. அவனுக்கு வேண்டியது பார்க்காத கண் இல்லை. பார்த்துவிட்டு, அதனாலென்ன என்று தன் ஜோலியைப் பார்க்கப் போகிற கண். அது செண்பகவல்லியிடம் ஒரு தடவை கிடைத்தது. கல்யாணத்துக்கு முன்னால் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு ஓட்டலில் அவள் எதிரே உட்கார்ந்து, கையைச் சுருட்டிக் காட்டினான். அவள் பார்த்தாள், நிதானமாகப் பார்த்தாள், காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: “எனக்குக் கொறட்டை வரும். அதை எப்பிடிச் சுருட்டிக் காட்டுறதுன்னுதான் தெரியல.”

மாடியில் சத்தம். தகரக்கதவு கரகரவென்று திறக்கிறது, பூரணம் மதினி. பக்கத்து வீட்டின் இப்போதைய எஜமானி, அந்த டம்ளர் அம்மாளின் மருமகள், வாயும் வேலையும் ஒருசேர ஓடுகிறவள். துணி எடுக்க வந்திருக்கிறாள், வாளியை வைக்கிற சத்தம் கேட்கிறது, ஒவ்வொரு துணியையும் உதறுகிற சத்தம். அவள் இன்னும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. இப்போது உள்ளே போய்விடலாம். நாலு எட்டு வைத்தால் கதவு. கதவைச் சாத்தினால் உள்ளே அப்பள வாசனை, மின்விசிறி, கண்ணாடி இல்லாத குளியலறை, அவனே சொல்லிக் கண்ணாடி வைக்காமல் கட்டின குளியலறை. கொத்தனார் வந்ததும் ஒசத்திருங்க என்று ஒரு வார்த்தை. அக்காளுக்கு ஒரு போன். எல்லாருக்கும் நிம்மதி, மறுபடியும் சங்கரன்கோயில், மறுபடியும் பரோட்டா, இந்தத் தடவை அவனே டிக்கெட் எடுத்து அவனே தன்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவான். பன்னிரண்டு வயசுப் பயலை ஊர் ஒளித்தது, நாற்பத்தெட்டு வயசுக்காரனை யார் ஒளிக்கிறார்கள். ஒரு கல்யாணம் இவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும் என்றால் அது என்ன கல்யாணம், கை நழுவினால் விழுந்துவிடுகிற கல்யாணம். வருகிறவர்கள் வரட்டும், உமையாளின் மாமா இன்னார் என்று நேரில் பார்க்கட்டும், பார்த்தபின் வேண்டாமென்றால் அவர்கள் வேண்டாமென்றது உமையாளுக்கு நல்லதுதான். இதை அக்காளிடம் சொன்னால் அழுவாள். அழுவாள், அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, நீ சொல்றதும் சரிதான் என்பாள், அல்லது அவனிடம் பேசாமலிருப்பாள், இருக்கட்டும், தீபாவளிக்குள் பேசிவிடுவாள். விரல்கள் யாரையும் கேட்காமல் மணிக்கட்டுப் பொத்தானுக்குப் போயிருந்தன. இடது கை, வலது கை, கழுத்து, நெஞ்சு. சட்டையைக் கழற்றிக் கல்வாழை மேல் போட்டான். பனியனையும். இடுப்பில் வேட்டி மட்டும் இருந்தது. மத்தியான வெளிச்சம் நெஞ்சில் நேராக வந்து உட்கார்ந்தது. முருங்கை இலை நிழல் வெள்ளையின் மேலும் கறுப்பின் மேலும் ஒரே மாதிரி ஆடியது. தன் உடம்பை வெளிச்சத்தில் இவ்வளவு முழுசாக அவன் பார்த்தே கனகாலம் ஆயிற்று. பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. தோளிலிருந்து இறங்கிய வெள்ளை விலாவோரம் ஓடைபோல வளைந்து போனது, அதன் நடுவே அங்கங்கே பழைய நிறம் திட்டுத்திட்டாக நின்றது, ஆற்றில் பாறை நிற்கிற மாதிரி. திருகைத் திருப்பினான்.

முதலில் குழாய் ஒரு தடவை செருமியது, காற்றைத் துப்பியது, அப்புறம் கொட்டியது. மாடித்தொட்டியில் வெயில் குடித்துக் கிடந்த தண்ணீர், சுடச்சுட, ஆ என்று ஒதுங்கினான், மறுபடியும் உள்ளே வந்தான். சூடு மெல்ல இறங்கியது, வெதுவெதுப்பு ஆயிற்று, குளிர்ச்சி ஆயிற்று. தலையில் விழுந்து காதை அடைத்து முதுகில் தட்டுத்தட்டென்று விழுந்தது தண்ணீர். குளியலறையில் குளிப்பது உடம்பைக் கழுவுவது, இது வேறு, இதில் காற்று இருந்தது, நந்தியாவட்டை வாசனை இருந்தது, ஈரம் பட்ட கூழாங்கல்லின் வாசனை இருந்தது, எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற சத்தம் இருந்தது. முகத்தை மேலே தூக்கினான். வானம் தெரிந்தது, ஒரு மூலையும் வெட்டுப்படாத வானம். கண்ணைத் திறந்துகொண்டே நின்றான், தண்ணீர் கண்ணில் விழட்டும் என்று. கைகளை அகல விரித்தான், யாரோ விரிக்கச் சொன்னதுபோல. கக்கத்துக்குள் காற்று போயிற்று. சிரிப்பு வந்தது. எதற்கென்று தெரியவில்லை, வயிற்றிலிருந்து வந்தது, சத்தமாகவே வந்தது. நாலு சுவர் போதும், கூரை எதற்கு, இந்த இடத்தை நான் கட்டினேன், நான், நானே கல் எடுத்துக் கொடுத்தேன், நானே குழாய் வளைக்கிற இடத்தைக் காட்டினேன், இந்த வீட்டிலேயே பெரிய அறை இதுதான். பாட்டுக்கூட வரும்போலிருந்தது, வரிதான் எதுவும் சிக்கவில்லை, ம்ம் என்று மூக்கால் இழுத்தான்.

“ஏ நாயகம்.”

மாடிச் சுவரில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு பூரணம் மதினி நேராக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோளில் ஒரு குவியல் துணி. அவன் கைகள் ஒரு கணம் நெஞ்சைத் தேடி வந்தன, பாதி வழியில் நின்றன, கீழே தொங்கின. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவன் நகரவில்லை.

“என்ன மதினி” என்றான்.

“தண்ணி சுடுதா? எங்க தொட்டியில இந்நேரம் கை வைக்க முடியாது.”

“மொதல்ல சுட்டுது. இப்ப நல்லாருக்கு.”

அவள் பார்த்தாள். தோளைப் பார்த்தாள், நெஞ்சைப் பார்த்தாள், பூவாளியைப் பார்த்தாள். பூவாளியில் கண் நின்றது. “நல்லா அகலமாத்தான் வச்சிருக்க. நான் ஒண்ணு கேக்கணும்னே நெனச்சிட்டிருந்தேன். எங்க வீட்டுல உங்க அண்ணாச்சி புதுசாக் கட்டுதேன் புதுசாக் கட்டுதேன்னு குளியலறையை நடுவீட்டுல கட்டித் தொலைச்சிட்டாவ. ஒரு துட்டி வீட்டுக்குப் போயிட்டு வந்தா குளிக்காம நடுவீடு மிதிச்சுல்லா போகவேண்டியிருக்கு. போன வாட்டி அத்தை அந்த ஏச்சு ஏசுனாவ. சாவு வீட்டுக்குப் போனா பின்சந்து வழியா இங்கன வந்து கட்டுன துணியோட ஒரு முழுக்குப் போட்டுட்டுப் போயிருதோம். என்ன சொல்லுத.”

அத்தை என்றால் அந்த டம்ளர் அம்மாள். இன்னும் இருக்கிறாள். அவனுக்கு ஒரு கணம் காதில் தண்ணீர் அடைத்துக்கொண்டு தப்பாகக் கேட்டுவிட்டதோ என்றிருந்தது.

“இதுலயா” என்றான். “நான் குளிக்குத எடத்துலயா.”

“பின்ன எதுல. வாழையவா குளிப்பாட்டுத? ஓடுத தண்ணிதானே.” துணியைத் தோளில் சரிசெய்துகொண்டாள். “அத்தையையும் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்துருவேன், அவுக நாலு செம்பு ஊத்தாம விடமாட்டாவ. சட்டுன்னு சொல்லு, அடுப்புல பருப்பு கெடக்கு.”

“வாங்க மதினி” என்றான். “எப்ப வேணும்னாலும் வாங்க. துட்டிதான் விழணும்னு இல்ல.”

“அட சீ, நல்ல வார்த்தை சொல்லு” என்று சிரித்துக்கொண்டே திரும்பினாள். தகரக்கதவு சாத்திக்கொண்டது. அதனாலென்ன என்றுகூட அவள் சொல்லவில்லை. அதற்கு அவளுக்கு நேரமில்லை. அவன் தண்ணீருக்கு அடியில் அப்படியே நின்றான், அழுகை வருமென்று எதிர்பார்த்தான், பசி வந்தது. நல்ல பசி. பள்ளிக்கூடம் விட்டு வந்த பசி மாதிரி.

உள்ளேயிருந்து செண்பகவல்லியின் தலை எட்டிப் பார்த்தது, கையில் போன். அவன் நிற்கிற கோலத்தைப் பார்த்தாள். போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள், “தெய்வானை மதினி. செவரு என்னாச்சுன்னு கேக்காங்க.”

“குளிச்சிட்டிருக்கேன்னு சொல்லு.”

“எங்கன்னு கேப்பாங்க.”

“புறவாசல்லதான்னு சொல்லு. துவட்டிட்டு நானே கூப்பிடுதேன், உமையாளையும் பக்கத்துல வச்சுக்கிடச் சொல்லு.”

அவள் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். “மதினி, உங்க தம்பி கும்பாபிஷேகத்துல இருக்காங்க” என்று சொல்வது கேட்டது. பின்சந்துக் கதவைத் தள்ளிக்கொண்டு மரியசூசைக் கொத்தனார் வந்தார், வாயில் வெற்றிலை, தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டே. சொட்டச்சொட்ட நிற்கிறவனைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு பார்வை பார்த்தார், குழாயின் மூட்டில் கசிவு இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார், இல்லை. சுவரில் சாய்த்து வைத்த கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“என்ன அண்ணாச்சி, கலவையா, கைகழுவலா?”

சுவரை உயர்த்த வேண்டாம் என்றான் கோமதிநாயகம்.